கிறீச் சத்தமா, சிலிக்கான் இருக்கே!

கதவு கத்தினாலும் ஜன்னல் மக்கர் பண்ணினாலும் நம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். அன்றைக்குச் சரியாகிவிடும். அப்புறம் அந்த எண்ணெயே தூசியோடு சேர்ந்து பிசுக்காகி எறும்பைக் கூட்டிவரும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். ரப்பர், பிளாஸ்டிக், அலுமினியம் உரசுகிற இடத்துக்கெல்லாம் ஹார்டுவேர் கடையில் விற்கும் சிலிக்கான் ஸ்ப்ரேதான் தோது. கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தினால் ஒரு டப்பா ரொம்ப நாளைக்கு வரும்.

1. கடையில் வெறுமனே "சிலிக்கான்" என்று கேட்டால், வாஷ்பேசின் ஓரத்தை அடைக்கிற பேஸ்ட் டியூபை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது ஒட்டுவதற்கு, நமக்கு வேண்டியது வழுக்குவதற்கு. "சிலிக்கான் லூப்ரிகன்ட் ஸ்ப்ரே" என்று முழுசாகக் கேளுங்கள்.

2. வீட்டில்தான் டபிள்யூடி-40 இருக்கிறதே என்பீர்கள். நீல, மஞ்சள் டப்பாவில் வருகிற அந்தச் சரக்கு 1953-ல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது; துருப்பிடித்த ஸ்க்ரூவை இளக்க அதற்கு ஈடில்லை, ஆனால் வழவழப்பு ரொம்ப நாள் நிற்காது. இறுகினதை இளக்க அது. இளகினது அப்படியே ஓட சிலிக்கான்.

3. ஸ்லைடிங் ஜன்னலுக்கு எடுத்ததும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் மண் சேறாகிவிடும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பள்ளத்தில் கிடக்கும் மண்ணையும் செத்த கொசுவையும் கூட்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும். அதையும் அப்படியே விளக்குமாற்றுக் குச்சியால் குத்திவிடுங்கள். பிறகு ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் பள்ளம் நெடுக ஒரு இழுப்பு. சக்கரத்துக்கு மட்டும் நேராக ஒரு பீய்ச்சு. ஜன்னலை நாலைந்து தடவை இழுத்து மூடினால் விரல் நுனியில் ஓடும். கொசுவலைச் சட்டத்துக்கும் இதே வைத்தியம்தான்.

4. டப்பாவோடு வரும் சிவப்புக் குழலைத் தொலைத்துவிட்டீர்களா? காது குடையும் பட்ஸை ஸ்ப்ரேயால் நனைத்துத் தடவுங்கள், ஒரு சொட்டுகூட வீணாகாது. எங்கே அடித்தாலும் கீழே பழைய நியூஸ்பேப்பர் கட்டாயம். டைல்ஸில் பட்டால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். பட்டுவிட்டால் முதலில் பேப்பரால் ஒற்றி எடுத்து, பாத்திரம் தேய்க்கும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் தேயுங்கள்.

5. வாட்டர் ஃபில்டரின் கிண்ணம் திறக்க வரவில்லையா? அடுத்த முறை மூடும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸைக் கடுகளவு தடவி மூடுங்கள். வளையமும் வெடிக்காது, ஒழுகவும் ஒழுகாது. ஸ்ப்ரே இதற்கு வேண்டவே வேண்டாம், குடிக்கிற தண்ணீர் சமாசாரம். குக்கர் கேஸ்கட்டிலும் கை வைக்காதீர்கள். சிலிக்கான் ரப்பரில் செய்த கேஸ்கட் சிலிக்கான் எண்ணெய் பட்டால் உப்பிவிடும்.

6. பாட்டில் அடியில் மிச்சமிருக்கும் ஹேர் சீரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளில் "டைமெத்திகோன்" என்று இருந்தால் அதுவும் சிலிக்கான் எண்ணெய்தான். ஸ்கூல் பேக் ஜிப்பின் பற்களில் ஒரு சொட்டு தடவித் துடைத்துவிடுங்கள்.

7. துணி காயப்போடவென்றே வாங்கின டிரெட்மில் சில வீடுகளில் உண்டு! மறுபடி ஓடப் போகிறீர்கள் என்றால் பெல்ட்டுக்கு அடியில் சுத்தமான சிலிக்கான் ஆயில் விட வேண்டும். ஊசி இல்லாத புது சிரிஞ்சில் எடுத்தால் அளவு தப்பாது. அந்த சிரிஞ்ச் வழுக்கிக்கொண்டு இறங்குவதும் உள்ளே பூசிய சிலிக்கானால்தான். எவ்வளவு, எப்போது என்பதை மிஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

8. காருக்கு வாங்கும் பால் மாதிரியான டேஷ்போர்டு பாலிஷ் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த சிலிக்கான்தான். நன்றாகக் குலுக்கி, துணியில் தொட்டு, கார் கதவு ரப்பரிலும் தேயுங்கள், வெயிலில் ஒட்டிக்கொள்ளாது. ஸ்டீயரிங், பெடல், டூவீலர் சீட், டயர் ரோட்டைத் தொடும் பக்கம், பிரேக் டிஸ்க் – இவற்றின் கிட்டேகூடக் கொண்டு போகாதீர்கள்.

9. பூட்டுக்கு எண்ணெயே வேண்டாம், தூசி பிடிக்கும். பென்சில் முனையைச் சாவியில் கறுப்பாகத் தேய்த்துப் போட்டுத் திருப்புங்கள், செலவே இல்லை.

10. தையல் மிஷினுக்கும் ஃபேன் பேரிங்குக்கும் அதற்குரிய எண்ணெய்தான். இரும்போடு இரும்பு பலமாக உரசும் இடத்தில் சிலிக்கான் தாங்காது.

11. பொங்கலுக்குக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? அந்தக் கதவுப் பக்கம் ஸ்ப்ரே அடிக்கும் வேலையைப் பெயின்ட் காய்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும். ஒட்டும் ஹூக்கும் நிற்காது.

12. ஸ்ப்ரே டப்பாவில் பெரும்பாலும் தீப்பிடிக்கும் வாயுதான் இருக்கும். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள். சுவிட்ச் போர்டில் அடிக்கவே கூடாது. வெயிலில் நிறுத்தும் காரிலும் டப்பாவை விட்டுவைக்காமல், வீட்டுக்குள்ளேயே குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.