லிம்போசைட் கூடுதலா? சிகரெட்டை மறைக்காதீர்கள்

ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை கூடியிருந்தால் பலரும் ரத்தப் புற்றுநோயை நினைத்துப் பதறுகிறார்கள். புகைபிடிக்கும் நடுவயதுப் பெண்ணுக்கு இப்படி வந்தால் இன்னொன்றையும் தேட வேண்டும்: பெர்சிஸ்டன்ட் பாலிகுளோனல் பி-செல் லிம்போசைட்டோசிஸ். 1982-இல் முதலில் விவரிக்கப்பட்ட இது அரிதானது, புற்றுநோய் அல்லாதது. ஆண்களுக்கு அபூர்வமாகவே வருகிறது.

ரிப்போர்ட்டில் சதவீதத்தை விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். வெள்ளையணு 12,000, அதில் லிம்போசைட் 50 சதவீதம் என்றால் 6,000. பெரியவர்களுக்கு 4,000-ஐத் தாண்டினால் அதிகம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் சில வாரம் ஏறி நிற்கும். அதனால் இடைவெளி விட்டு மறுபடி எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் தேடி வையுங்கள். மாதக்கணக்கில் இறங்காவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

அதுதான் ஸ்மியர். மொத்தத்தில் முக்கியமான கட்டம் இதுவே. கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் தன் கண்ணால் பார்க்க வேண்டும். சில லிம்போசைட்டுகளில் உட்கரு, தோலுக்குள்ளேயே பிளந்த பருப்பு போல இரண்டாக இருக்கும். நூற்றில் சிலதான் அப்படி என்பதால் அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும். எண்ணிக்கை போடும் இயந்திரம் இதைச் சொல்லாது.

பிறகு அணுக்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை. லிம்போசைட்டில் ஒரு வகையான பி-அணுக்களில் (பி-செல்) கப்பா, லாம்ப்டா என்ற இரு புரதங்களும் வழக்கமான விகிதத்தில் கலந்திருந்தால் அவை ஒரே அணுவிலிருந்து பெருகியவை அல்ல. பி-அணு லுக்கேமியாவில் பொதுவாக ஏதாவது ஒன்றே மேலோங்கும். கூடவே ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பாருங்கள். இந்தக் கோளாறில் அது பெரும்பாலும் கூடியிருக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. மரபணுச் சோதனையில் பிசிஎல்-2 என்ற மரபணுவில் மாற்றமோ மூன்றாம் குரோமோசோம் கோளாறோ தெரியலாம், மண்ணீரலும் சற்று வீங்கியிருக்கலாம். இவற்றை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டி கீமோ தொடங்குவது பெரும் தவறு.

டாக்டரிடம் சிகரெட் பழக்கத்தைச் சொல்லுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருப்பது தயக்கமாக இருந்தால் தனியாகப் பேசக் கேளுங்கள். பெண் என்பதற்காக டாக்டர்களும் இந்தக் கேள்வியை விழுங்கக் கூடாது.

உறுதியானால் மருந்து தேவையில்லை, சிகரெட்டை நிறுத்த வேண்டும். நிறுத்திய சிலருக்கு எண்ணிக்கை இறங்குகிறது. பிற்காலத்தில் லிம்போமா வந்தவர்களும் மிகச் சிலர் உண்டு என்பதால், ரத்தநோய் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனையைத் தொடருங்கள்.