ஒரு மூச்சில் எவ்வளவு?



போன தைப்பூசத்தில் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலைப் படி ஏறினேன். பாதியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன். "என்னய்யா, இந்த வயசுலயேவா?" என்று கேட்டபடி ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார்.

கிளினிக்கில் டாக்டர் மூக்கில் கிளிப் மாட்டி, ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னார். "நல்லா இழுங்க, ஒரே மூச்சா ஊதுங்க, நிறுத்தாதீங்க!" மூன்று தடவை ஊதினேன். 1846-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் உலகுக்குக் காட்டிய அளவை முறை இது.

கணக்கு எளிது. சாதாரண மூச்சு ஒன்றில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று. முழுப் பூரகம் செய்து முழு ரேசகம் விட்டால் வருவது உயிர்ப்புக் கொள்ளளவு. வளர்ந்த ஆணுக்கு 4 முதல் 5 லிட்டர். அதில் முக்கால் பங்காவது முதல் ஒரு நொடியிலேயே வர வேண்டும். வராவிட்டால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம்.

எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கும். அதுதான் காற்றுப்பைகள் ஒட்டிப்போகாமல் காக்கிறது. அதை ஊதி அளக்க முடியாது. ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்துக் கணக்கிடுவார்கள்.

எனக்கு முதல் நொடிக் காற்று குறைவு. மருந்தை உறிஞ்சி ஊதியதும் எண் ஏறியது. ஆஸ்துமா! ஒளித்து வைத்திருந்த வேப்பை அன்றே குப்பையில் போட்டேன்.

மூச்சு வாங்கினால் "சாமி பார்த்துக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். போய் ஊதிப் பாருங்கள். அடுத்த தைப்பூசத்தில் படியில் சந்திப்போம்.