உப்புக்காற்றும் ஒலிக்குழாயும்

நுழையும்முன்

பழுதான பொருளைத் தூக்கி எறிவது எளிது. அதைத் திறந்து பார்த்து, புரிந்துகொண்டு, மீண்டும் இயங்கச் செய்வது கைக்கும் கருத்துக்கும் ஒருசேரப் பயிற்சி தருவது. திருவிழாக்களின் குரலாக ஒருகாலத்தில் விளங்கிய ஒலிக்குழாய்கள் இன்று பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கின்றன. தூத்துக்குடிக் கடற்கரைச் சூழலில் அவற்றைப் புதுப்பிக்கும் கைவினை குறித்து இப்பாடம் பேசுகிறது.

கருவியற்ற காலம்

1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு ஆதரவாக வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் முழங்கினர். மக்கள் திரள்திரளாகக் கூடிய அக்கூட்டங்களில் ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. காற்றின் இரைச்சலைக் கடந்து கடைசி வரிசைக்குச் சென்று சேர வேண்டுமானால் பேச்சாளரின் தொண்டை ஒன்றே துணை.

அதன்பின் ஏழாண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதாமும் இணைந்து உருவாக்கிய ஒலிக்குழாய், 1915ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு முந்தைய இரவு சான்பிரான்சிஸ்கோ நகரில் திறந்தவெளியில் கூடிய பெருங்கூட்டத்திற்குப் பாட்டையும் பேச்சையும் கொண்டு சேர்த்தது. இந்தியாவில் நானிக் மோட்வானேயின் ‘சிகாகோ ரேடியோ’ நிறுவனம் விடுதலைப் போராட்டக் காலக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கிகளை அமைத்துத் தந்தது. பெயரில் சிகாகோ இருந்தாலும் அது இந்தியர் நடத்திய நிறுவனமே. 1940இல் தில்லியில் அகுஜா நிறுவனம் தோன்றியது. அதன் பெயர் பொறித்த பெருக்கிகளையும் குழாய்களையும் தமிழகச் சிற்றூர்களில் காணாதவர் அரியர்.

சிற்றூர் மக்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ‘மைக்செட்’ என்றே அழைத்தனர். கோயில் கொடைக்குக் கால்நாட்டிய மறுநாளே வேப்பமரக் கிளையிலோ சவுக்குக் கம்பத்திலோ குழாய் ஏறிவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கேட்டால் கொடை தொடங்கிவிட்டது என்று பக்கத்து ஊர் அறியும். கந்தூரி விழாவில் நாகூர் ஹனிபாவின் குரல் எழும். தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தில் சூலை 26 முதல் ஆகத்து 5 வரை நடைபெறும் திருவிழாவின் மன்றாட்டுகளும் பாடல்களும் தெருக்களெங்கும் பரவும். சமயம் எதுவாயினும் குழாய் ஒன்றே.

கடல் கடந்து வந்த பாட்டு

இக்கடற்கரையில் ஒலியின் வரலாற்றைப் பேசும்போது இலங்கையை விலக்கிவிட முடியாது. கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு திசம்பரில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, தென்தமிழக வீடுகளில் ஓர் உறுப்பினர் போலவே ஆயிற்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவு. எனினும் அந்நிலையம் அருகில் இருப்பதுபோலத் தெளிவாக ஒலித்தது. தொலைவு குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. மத்திய அலைவரிசை வானலைகள் தரையின்மீது படர்ந்து செல்லும்போது வலுவிழந்துகொண்டே போகும். வறண்ட நிலம் அவற்றை விரைவில் விழுங்கிவிடும். மின்கடத்தும் திறன் மிகுந்த உப்புநீரோ நெடுந்தொலைவு செல்ல விடும். கடலில் கரைந்திருந்த உப்பே கொழும்பின் பாட்டைத் தூத்துக்குடிக்குச் சுமந்து வந்தது எனலாம்.

அதே உப்புதான் அப்பாட்டை ஒலித்த கருவிகளை அரித்தும் தின்றது. இந்த முரண்தான் இக்கரையில் ஒலிக்குழாயைப் புதுப்பிப்போர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது.

குழாயின் உள்ளே

ஒலிக்குழாயின் வெளித்தோற்றம் ஊமத்தம் பூவை ஒத்தது. அதன் அடியில் கைப்பிடிக்குள் அடங்கும் உருளை ஒன்று திருகப்பட்டிருக்கும். பழுதுபார்ப்போர் அதனை ‘யூனிட்’ என்பர். ஓசை பிறப்பது அங்கேதான். வலிய காந்தம் ஒன்றின் முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலமே உள்ள வட்ட இடுக்கு உண்டு. அந்த இடுக்கினுள், எந்தப் பக்கமும் தொடாமல், மெல்லிய செம்புக்கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. பெருக்கியிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தப்புலம் அதனை முன்னும் பின்னும் தள்ளும். சுருளோடு ஒட்டிய அதிர்தகடு காற்றை அதிரச் செய்யும்.

அதிர்தகடு சிறியது, காற்றோ மிக இலேசானது. வெறுங்கையால் காற்றைத் தள்ளினால் கைக்கு எதிர்ப்பே தெரியாததுபோல, சிறிய தகடு திறந்தவெளிக் காற்றில் அசைந்தால் அதன் ஆற்றல் பெரிதும் வீணாகும். குழாயின் குறுகிய கழுத்து காற்றை நெருக்கித் தகட்டுக்குத் தக்க எதிர்ப்பை அளிக்கிறது. படிப்படியாக விரியும் வாய் அந்த அழுத்தத்தைப் பரந்த வெளியோடு இணைக்கிறது. தாள்கூம்பு ஒலிபெருக்கிகள் தாம் பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஓரிரு பங்கையே ஒலியாக மாற்றும். ஒலிக்குழாய் அதைப்போல் பன்மடங்கு மாற்ற வல்லது. மின்கம்பி எட்டாத ஊர்களிலும் மகிழுந்து மின்கலத்தால் இயங்கிய சிறிய பெருக்கியைக் கொண்டே ஊரையே எழுப்ப முடிந்தமைக்கு இதுவே காரணம்.

உப்பு செய்யும் வேலை

குசராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உப்பு விளையும் பகுதி தூத்துக்குடியை உள்ளிட்ட தமிழகக் கடற்கரை. உப்பளங்களின் மீதும் அலைகளின் மீதும் வீசிவரும் காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் மிதக்கின்றன. கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் தன்மையது. ஆதலால் மழையில்லா நாளிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே இருக்கும். துருவானது தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளித்தகட்டில் துருப்பிடித்தால் அழகுதான் கெடும். ஒரு மில்லிமீட்டர் இடுக்கினுள் துருப்பிடித்தால் பாட்டே கெடும். சுருள் துருவில் உரசும், பாடகரின் குரலோடு ‘கரகர’வென்னும் ஓசை சேரும், நாளடைவில் கம்பி தேய்ந்து அறும்.

எனவே புதுப்பிக்கும் பணி கழுவுதலில் தொடங்குகிறது. யூனிட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, குழாயை மட்டும் நன்னீரில் பலமுறை அலசி வெயிலில் காயவிட வேண்டும். உப்பை நீக்காமல் வண்ணம் பூசினால் அது பூச்சின் அடியிலிருந்தே தன் வேலையைத் தொடரும். இரும்புக் குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டலாம். அலுமினியக் குழாய்க்கு இரும்புத் தூரிகை ஆகாது. தேய்க்கும்போது அதில் பதியும் இரும்புத் துகள்கள் ஈர உப்போடு சேர்ந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

அடுத்து யூனிட்டின் உயிர்நிலையைச் சோதிக்க வேண்டும். ஒன்றரை வோல்ட்டு மின்கலத்தின் முனைகளை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்னும் ஓசை கேட்கும். கேட்டால் சுருள் அறுபடவில்லை. பன்மானியால் மின்தடையை அளந்தால் குறிக்கப்பட்ட அளவைவிடச் சற்றே குறைவாகக் காட்டும். பதினாறு ஓம் என்று எழுதியிருக்கப் பன்னிரண்டோ பதின்மூன்றோ காட்டுவதைக் கண்டு பழுது என்று எண்ணிவிடக் கூடாது. மாறுமின்னோட்டத்திற்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு வேறு, பன்மானி அளப்பது வேறு.

இடுக்கைத் தூய்மை செய்வதே இக்கலையின் நுட்பமான பகுதி. ஊதினால் தூசு உள்ளேதான் போகும். இரும்புத் துகள்களைக் காந்தம் விடாது. தடித்த தாளைச் சிறு பட்டையாக நறுக்கி, அதன்மேல் ஒட்டும் பக்கம் வெளியே இருக்குமாறு ஒட்டுநாடாவைச் சுற்றி, இடுக்கில் விட்டு மெல்ல வலம்வரச் செய்தால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பத்துமுறை செய்தாலும் பதினோராவது முறையும் ஏதேனும் வரும். பொறுமை இழந்தவர் கை இங்கேதான் தோற்கும். ஆர்வ மிகுதியால் காந்தத்தையே பிரித்தெடுத்தல் பெரும்பிழை. பழைய யூனிட்டுகளில் உள்ள அல்னிகோ வகைக் காந்தம், தன்னைச் சூழ்ந்த இரும்புச் சுற்றை விட்டுப் பிரிந்தால் வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும். மீண்டும் பொருத்தினாலும் அது திரும்பாது.

புதிய அதிர்தகட்டைப் பொருத்தும்போது தாழ்ந்த ஒலி ஒன்றை மிக மெல்ல ஓடவிட்டு, எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்குவர். சுருள் எங்கேனும் உரசினால் ஒலியில் நெருடல் தோன்றும். நெருடல் மறையும் இடமே நடுவிடம். இதற்கு அளவுகோல் உதவாது. காது சொல்ல, கை கேட்க வேண்டும். தாள்கூம்பு ஒலிபெருக்கியின் கிழிசலுக்கோ பட்டம் செய்யும் மெல்லிய தாளும் நீர்த்த பசையுமே போதும்.

தெரிந்து தெளிவோம்
பழைய வால்வுப் பெருக்கிகளில் சில நூறு வோல்ட்டு மின்னழுத்தம் உண்டு. இணைப்பைத் துண்டித்த பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர் உடனிருந்தாலன்றி அவற்றைத் திறத்தல் கூடாது. தொடக்கநிலையினர் ஒலிக்குழாயோடும் மின்கலத்தோடும் நிறைவு கொள்க.

கையில் வாழும் அறிவு

மேற்கூறியவற்றை எழுதிவிடலாம், படித்தும்விடலாம். எனினும் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதை எழுத்து முழுமையாகச் சொல்வதில்லை. இத்தகைய அறிவு எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதற்கு இக்கடற்கரையே சான்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கினர். படகில் இருந்த துணைவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அடியிலிருந்து வரும் ஓர் இழுப்பைக் கை உணர்ந்த அந்நொடியே மேலே தூக்க வேண்டும். கையால் கேட்கும் கலை அது. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்புகளோடு அப்பெருந்தொழில் நின்றுபோயிற்று. ஆயினும் மூழ்கும் திறன் மறையவில்லை. சங்கு எடுக்கும் தொழிலில் அது தொடர்ந்தது. தூத்துக்குடியின் மரத்தோணிகளும் அவ்வாறே. மூத்த தச்சரின் கண்ணளவும் உடன் உழைக்கும் இளையோரின் பழக்கமுமே அவற்றுக்கு வரைபடம். கட்டத் தோணி இல்லையேல் கற்க வழியும் இல்லை.

கைத்திறன் நீடிப்பதற்குப் பாராட்டு வேண்டியதில்லை, வேலை வேண்டும். ஒலிக்குழாய்க்கு இன்று சந்தையில் வேலை குறைந்துவிட்டது. ஆதலால் அவ்வேலையைப் பொழுதுபோக்காகவேனும் உண்டாக்கிக்கொள்வோர் பயனற்ற செயலைச் செய்கின்றனர் என்று கருத இயலாது. ஒருவரிடம் இழைப்புளி இருக்கும்; மற்றொருவரிடம் பற்றாசுக்கோல் இருக்கும்; வேறொருவர் கம்பி சுற்றத் தெரிந்தவராயிருப்பார். கழற்றிய பழைய உறுப்பைக் குறிப்பெழுதிய உறையில் இட்டு வைத்தல், எந்தத் திருகு எங்கிருந்தது என்று படம் வரைதல், செய்த முறையைப் பிறர்க்குக் காட்டுதல் ஆகியன பட்டறைப் பழக்கங்கள். தொழில் நுணுக்கத்தை மறைத்து வைத்தலே பிழைப்பு என்னும் நிலை ஒருகாலத்தில் இருந்தது. அதற்கு வறுமை காரணம். பொழுதுபோக்காகச் செய்வோர்க்கு அக்காரணம் இல்லை.

எதை மீட்பது?

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. புதுப்பித்த குழாயை எங்கே ஒலிப்பது? ஒலி மாசு விதிகள், 2000 என்னும் சட்டவிதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தத் தடை உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் பரப்பை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் நோயுற்ற முதியவரும் குழாயின் வாய்க்கு நேரே குடியிருந்து பட்ட துன்பம் சிறிதன்று. ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்று ஏங்குவோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் மீட்கத்தக்கது ஒலியின் தன்மையே அன்றி அதன் உரப்பு அன்று. குழாயின் திறன் மிகுதி இங்குத் துணைசெய்கிறது. சிறிதளவு மின்னாற்றலே கொடுத்தாலும் அது தெளிவாகப் பாடும். ஓர் அறையில், நால்வர் மட்டும் கேட்கும் அளவில், பழைய இசைத்தட்டு ஒன்றை அதன்வழி ஒலிக்கச் செய்யலாம். தாழ்ந்த ஓசைகளைக் குழாய் விழுங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி குறைந்து ஒலிக்கும். குரலும் நாகசுரமும் முன்னே வந்து நிற்கும். வயலுக்கு அப்பாலிருந்து கேட்டவர்களுக்கு அப்பாட்டுகள் அப்படித்தான் ஒலித்தன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் மைக்செட் தொழில் செய்த ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்திய கருவிப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் திரட்டி அகரவரிசைப்படுத்துக.

வீட்டில் பழுதான பொருள் ஒன்றை, மின்னிணைப்பு இல்லாத நிலையில், பெரியவர் துணையுடன் கழற்றி, அதன் உறுப்புகளை வரைந்து, மீண்டும் பொருத்தும் முறையைப் பிறர் பின்பற்றத்தக்க வகையில் எழுதுக.