வீச்சு வலை பழகுவோம்: முதலில் முடிச்சு, பிறகு வீச்சு

சென்ற ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு நமது தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போய் வந்தோம். குறிகட்டுவானில் படகு இறங்கி, புங்குடுதீவு வழியாகத் திரும்பும்போது, வேலணைக்குப் போகும் தாம்போதியில் வேனை நிறுத்தினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கடல். தொடையளவு தண்ணீரில் நின்று ஒரு பெரியவர் வலை வீசிக்கொண்டிருந்தார். அவர் உடம்பைத் திருப்பி விட்டதும் வலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்து, தட்டுப்போலத் தண்ணீரில் விழுந்தது.

எங்களோடு வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறங்கி ஓடினான். "ஐயா, எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றான். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். "மஸ்கெலியாப் பக்கம்" என்று சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. "வா மோனை, கரைக்கு வா. தண்ணிக்கை பிறகு இறங்கலாம்" என்றார்.

அன்று அந்தக் கரையில் ஒன்றரை மணி நேரம் நடந்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். நமது தோட்டங்களைச் சுற்றிக் காசல்றீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நமது பிள்ளைகள் அங்கே வலையோடு இறங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே இது எங்கோ தீவில் நடக்கும் கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

கரையில் முதல் பாடம்

பெரியவர் முதலில் சொன்னது, "உந்தச் சேட்டைக் கழட்டு. மோதிரம், மணிக்கூடு எல்லாத்தையும் கழட்டு." வலைக்கண் ஒரு பொத்தானில் மாட்டினால் போதும், வலையோடு ஆளும் சேர்ந்து போய் விழுவான்.

இரண்டாவது கயிறு. வலையின் உச்சியில் ஒரு நீளக் கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை இடது மணிக்கட்டில் இருக்கும். வலை தண்ணீரோடு போய்விடாமல் இருக்கத்தான் அது. பையன் அந்தக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தான். பெரியவர் ஒன்றும் பேசாமல் கயிற்றின் மறுபக்கத்தைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தார். பையன் மணலில் முழங்கால் குத்தி விழுந்தான்.

"இப்ப கழட்டு பாப்பம்" என்றார். அவனால் கழற்ற முடியவில்லை. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது.

பிறகு அவரே கட்டிக் காட்டினார். இழுபட்டால் இறுகுகிற சுருக்கு முடிச்சு கூடாது. கை தாராளமாகப் போய்வரும் அளவுக்கு அகலமான கண்ணியாக, இறுகாத முடிச்சாகப் போட வேண்டும். விரல்களை ஒடுக்கிக் கையைக் கீழே நீட்டினால் கண்ணி தானாகக் கழன்றுவிட வேண்டும். பையன் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, அவர் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை இழுத்தார். பத்துத் தடவை அப்படிச் செய்தார். பத்துத் தடவையும் கை கழன்ற பிறகுதான் வலையையே தொட விட்டார்.

எங்களில் ஒருவர் பொறுமை இழந்து, "என்னங்க ஐயா, வலை வீசச் சொல்லிக் குடுங்கன்னா கயித்தையே புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்று கேட்டார். "சொல்லுறன்" என்றார் பெரியவர்.

அவர் சொன்ன கதை

1990இல் சண்டை தீவுப்பக்கம் வந்தபோது அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கடைசியில் வன்னிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பக்கத்துக் குடிசைக்காரர்கள் நமது மலைநாட்டு ஆட்கள். 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடிப்போய் வன்னியில் குடியேறியவர்கள். கொத்திப் பயிர் செய்யும் வேலையை அவர்கள் இவருக்குக் காட்டிக் கொடுத்தார்கள். பதிலுக்கு இவர் அந்த வீட்டுப் பையனுக்குக் குளத்தில் வலை வீசக் காட்டிக் கொடுத்தார்.

"நல்லா எறிவான். என்னை விட வட்டமா விரியும். ஆனா எங்கட கடல் பரவைக்கடல். அடி மணலும் சேறும்தான். இடுப்பளவு தண்ணியிலை கன தூரம் நடக்கலாம். வலை மாட்டாது, ஆள் தாழாது. அதாலை எனக்கு முடிச்சைப் பற்றி யோசினை வரேல்லை. குளத்துக்கை பட்ட மரக்கட்டை கிடக்குமெண்டு எனக்குத் தெரியாதே. வலை கட்டையிலை மாட்டிப்போச்சு. இவன் இழுக்கக் கால் வழுக்கிப் பள்ளத்துக்கை போட்டான். முடிச்சு கையிலை இறுகிக் கிடந்தது. எறியச் சொல்லிக் குடுத்தனான், கழட்டச் சொல்லிக் குடுக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர் யாருக்குப் பழக்கினாலும் முதல் பாடம் முடிச்சுத்தான். நாங்கள் யாரும் அதன்பின் அவசரப்படுத்தவில்லை.

வலையை மடிப்பதும் வீசுவதும்

வலைகைக்காரருக்கு, அதாவது வலது கையால் வேலை செய்பவருக்கு, அவர் காட்டிய முறை இது. இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய வேண்டும்.

1. கயிற்றை அளவான வளையங்களாக இடது கையில் சேர்க்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று சிக்கக்கூடாது.

2. வலையைத் தூக்கி இடது கையில் பிடிக்க வேண்டும். ஓரத்தில் கோர்த்த ஈயக் குண்டுகள் முழங்கால் மட்டத்தில் தொங்கினால் அளவு சரி.

3. ஓரத்தில் ஒரு பகுதியை எடுத்து இடது முழங்கையின் மேல் போட வேண்டும். சிலர் ஈயக் குண்டைப் பல்லால் கடித்துப் பிடிப்பார்கள். அதை அவர் செய்ய விடவில்லை. நாமும் சொல்கிறோம்: ஈயம் உடம்பில் சேர்ந்து தங்கும் நஞ்சு. வாயில் வைக்கவே கூடாது. வலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

4. மீதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வலது கையில் எடுக்க வேண்டும்.

5. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஆனி மாதம் தீவுகளில் சோழகக் காற்று பலமாக அடிக்கும். எதிர்க்காற்றில் வீசினால் வலை முகத்துக்கே திரும்பி வரும்.

6. உடம்பை வலது பக்கம் பின்னே திருப்பி, ஒரு கணம் நின்று, இடுப்போடு முன்னே திரும்ப வேண்டும். முதலில் வலது கை விடும், அதோடு முழங்கை சரியும், கடைசியாக இடது கை விடும்.

நமது பையனின் முதல் வீச்சு மூட்டை விழுந்தமாதிரிப் பொத்தென்று விழுந்தது. பலமெல்லாம் கையில் இருந்தது. "கையாலை எறியாதை மோனை, இடுப்பாலை திரும்பு. ஈயம் தன்ரை பாட்டிலை விரியும்" என்றார். உண்மையும் அதுதான். சுழலும்போது ஓரத்தில் உள்ள ஈயத்தின் பாரமே வெளியே இழுத்து வலையை விரிக்கிறது. அடுத்த சில வீச்சுகள் பிறைபோல அரைவட்டமாக விழுந்தன. வலது கை பிந்தி விட்டதாலும், இரண்டு பாதியும் சமமாகப் பிரியாததாலும் வந்த பிழை. இருபதாவது வீச்சிலோ என்னவோ, மணலில் போட்டிருந்த பழைய சைக்கிள் டயரை நடுவில் வைத்து வலை வட்டமாக விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். பெரியவர் தட்டவில்லை. "இன்னொருக்கா" என்றார்.

துரைமாரின் தூண்டிலும் இதே பாடந்தான்

1880களில் வெள்ளைக்காரத் துரைமார் நமது மலைநாட்டுக் குளிர் ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்க இறகு கட்டிய தூண்டிலை வீசுவார்கள். பூச்சிபோலக் கட்டிய அந்த இறகுக்குப் பாரம் கிடையாது. தடித்த நூலின் பாரமே அதைக் கொண்டுபோகிறது. தடியைப் பின்னே வீசியதும், நூல் பின்னால் நேராக நீளும்வரை காத்திருந்துதான் முன்னே வீச வேண்டும். புதிதாகப் பழகுபவர் காத்திருக்க மாட்டார். பலத்தால் அடிப்பார், நூல் சுருண்டு காலடியில் விழும். துரையின் தடியானாலும் தீவாரின் வலையானாலும், கை பலத்தை விட அந்த ஒரு கணப் பொறுமைதான் பெரிது.

பழக்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. கொழுந்து எடுக்கப் பழக்கும்போது நமது அம்மாமார் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்வதில்லையே. முதலில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். வேகம் பிறகு. அந்தப் பெரியவரும் ஒரு வீச்சுக்கு ஒரு பிழையை மட்டுமே சொன்னார். ஒருமுறைகூட ஏசவில்லை.

நமது நீர்த்தேக்கங்களில்

தீவில் பழகியதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நமது நீர்த்தேக்கங்கள் மலைப் பள்ளத்தாக்குகளை அணை கட்டி மறித்தவை. இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடி ஆழத்தில் இருக்கும். மவுஸ்ஸாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. கடும் வரட்சியில் பழைய கோயில் வெளியே தெரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சுவரும் கட்டையும் கிடக்கிற தண்ணீரில் வலை மாட்டாமல் இருக்குமா?

ஆகவே நமது இளைஞர்களுக்குச் சொல்கிறோம்:

எந்த இடத்தில், எந்த வலைக்கு அனுமதி உண்டு என்பதை மீன்பிடித்துறை அதிகாரியிடம் முதலில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மீன்பிடிக்கு விதிகள் உண்டு. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே வலை என்ற பேச்சே வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். நீந்தத் தெரியாதவர் கரையில் நின்றே வீசட்டும். குடித்துவிட்டு யாரும் தண்ணீர்ப் பக்கமே போகவேண்டாம்.

வலை மாட்டினால் பின்னால் போய் இறங்காதீர்கள். கண்ணியிலிருந்து கையை உருவி, கயிற்றை விட்டுவிடுங்கள். வலை போனால் இன்னொரு வலை வாங்கலாம்.

பொழுது சாய்ந்து வேன் புறப்பட்டபோது, பையன் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் அவனது இடது மணிக்கட்டைப் பிடித்து ஒருதரம் பார்த்தார். இறுகக் கட்டிய முதல் முடிச்சின் சிவந்த தடம் அப்போதும் அதில் இருந்தது. "உதை மறக்காதை" என்றார். "உன்ரை தம்பிமாருக்கும் காட்டு."

அதைத்தான் இந்தப் பக்கத்தில் நாமும் செய்திருக்கிறோம். வாசித்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு கயிறு எடுத்து, கட்டியே காட்டுங்கள்.