வெளியே போகும் வழி

அன்புத் தம்பிக்கு,

படம் திருத்த லைட்ரூமா, கேப்சர் ஒன்னா, காசு கேட்காத டார்க்டேபிளா என்று கேட்டு எழுதியிருந்தாய். நீ அனுப்பிய ஒப்பீட்டு வீடியோக்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு பனிமலை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், ஸ்லைடரை இந்தப் பக்கம் இழுத்தால் இப்படி, அந்தப் பக்கம் இழுத்தால் அப்படி. நீ எடுப்பதோ கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படமாவது சேரும். ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் ஒரே கல்யாணம் 90 ஜிபி. பெண்ணின் தாத்தா காலமான பிறகு, 'அவர் அட்சதை போட்ட படம் ஒன்று இருந்ததே' என்று அந்த வீட்டிலிருந்து ஒருநாள் போன் வரும். அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி அந்த வீடியோக்கள் எதிலும் இல்லை.

படத்தைத் திருத்துவது ஒரு வேலை. படங்களை அடுக்கி வைத்து வேண்டியபோது எடுப்பது வேறு வேலை. லைட்ரூம் இரண்டையும் சேர்த்தே செய்வதால் நாமும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கப் பழகிவிட்டோம். திருத்தும் மென்பொருளை நாளைக்கே மாற்றலாம். ஏனென்றால் பழைய படங்கள் ஏற்கெனவே ஆல்பமாகி வாடிக்கையாளர் வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன. அடுக்கி வைக்கும் மென்பொருளை மாற்றுவது வீடு மாற்றுவது போல. எதையெல்லாம் கொண்டுபோக முடியாது என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியும். அதனால் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதை விட்டுப் போகும் நாளில் என் கையில் என்ன மிஞ்சும்?

இது வீண் பயமில்லை. 2005இன் இறுதியில் ஆப்பிள் 'அப்பர்ச்சர்' என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லைட்ரூமின் முதல் பதிப்பு 2007 பிப்ரவரியில்தான் வந்தது. மேக் வைத்திருந்த பலர் தங்கள் மொத்தச் சேமிப்பையும் அப்பர்ச்சருக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஆப்பிள் கைவிடாது என்ற நம்பிக்கை. 2014 ஜூனில் இனி இதை மேம்படுத்தப்போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. அடுத்த வருடம் விற்பனையையும் நிறுத்தியது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்தில் அப்பர்ச்சர் திறக்கவே இல்லை. பிக்காசா என்ற படம் அடுக்கும் மென்பொருளின் கதையும் இதே வழிதான். கூகுள் 2004இல் வாங்கியது, 2016இல் மூடியது.

பிக்காசாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. அது நீ செய்த திருத்தங்களை ஒவ்வொரு ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். ஆனால் நீ எழுதும் படக்குறிப்பை ஜேபெக் படத்துக்குள்ளேயே எழுதும். படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தவர்களுக்குத் திருத்தங்கள் போயின, குறிப்புகள் தங்கின. படத்தோடு ஒட்டியிருந்தது பிழைத்தது, மென்பொருளிடம் விட்டுவைத்தது அதோடு போனது.

படத்தோடு ஒட்ட வைப்பதற்கு இன்று பொதுவான ஒரு முறை இருக்கிறது. எக்ஸ்எம்பி என்று பெயர். அடோபி 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஜேபெக், டிஎன்ஜி என்றால் குறிப்புகள் படத்துக்குள்ளேயே போய் உட்காரும். கேனான், நிக்கான், சோனி ரா கோப்புகளுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். நீ கொடுத்த ஸ்டார், குறிச்சொல், படக்குறிப்பு, காப்புரிமை வரி எல்லாம் அதில் இருக்கும். நோட்பேடில் திறந்துகூடப் படிக்கலாம். எக்ஸ்எம்பியைப் படிக்கும் எந்த மென்பொருளுக்குப் போனாலும் இவை கூடவே வரும்.

வராதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லைட்ரூமில் எக்ஸ்போஷரை எவ்வளவு ஏற்றினாய் என்ற கணக்கும் எக்ஸ்எம்பியில்தான் இருக்கும். ஆனால் அது அடோபியின் கணக்கு, அதே எண்ணைக் கேப்சர் ஒன்னில் போட்டால் அதே படம் வராது. ஒவ்வொன்றும் ரா கோப்பை வேறு விதமாகச் சமைக்கிறது. லைட்ரூமின் கலெக்ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் கேட்லாக்கிலேயே தங்கிவிடும், எக்ஸ்எம்பிக்கு வராது. இதைவிட முக்கியமான ஒன்று: லைட்ரூம் கிளாசிக் தானாக எக்ஸ்எம்பி எழுதாது. கேட்லாக் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய் நீதான் அதை இயக்க வேண்டும். அதுவரை உன் உழைப்பு முழுவதும் கேட்லாக் என்ற ஒரே ஒரு கோப்புக்குள் இருக்கிறது. அது கெட்டால் படங்கள் இருக்கும், எது யார் என்பது இருக்காது. டார்க்டேபிள் இந்த விஷயத்தில் யோக்கியன், கேட்காமலே எழுதிவிடும். கேப்சர் ஒன்னில் செஷன் முறையில் வேலை செய்தால் திருத்தங்கள் படம் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு துணை ஃபோல்டரில் இருக்கும். ஃபோல்டரை அப்படியே தூக்கினால் எல்லாம் வரும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு செஷன் என்று வைத்துக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல வசதி.

குறிச்சொற்களைத் தமிழில் போடலாமா என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போடலாம், போடவும் வேண்டும். நலங்குக்கும் தாரை வார்ப்பதற்கும் இங்கிலீஷில் எதைத் தேடுவாய்? ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. எக்ஸ்எம்பிக்கு முன்பே பத்திரிகைத் துறைக்காக வந்த ஐபிடிசி என்ற பழைய அமைப்பில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்றால் 3 பைட், 'கா' என்றால் துணைக்காலுக்கும் சேர்த்து 6. 'காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்' என்று எழுதினால் அந்தப் பழைய கணக்கில் பெருமாளின் முதல் எழுத்தைக்கூட முழுசாகத் தாண்டாது. எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆனாலும் படம் எந்தப் பத்திரிகையின் எந்தப் பழைய மென்பொருள் வழியாகப் போகும் என்று நமக்குத் தெரியாதே. ஊரை ஒரு குறிச்சொல்லாகவும் கோயிலை இன்னொன்றாகவும் பிரித்துப் போட்டுவிடு. இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்றுதான், தேடும்போது கணினிக்கு வேறாக இருக்கலாம். கோயிலா கோவிலா என்ற வம்பும் உண்டு. ஒரே விசைப்பலகை, ஒரே எழுத்துமுறை என்று பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து மட்டும் எடு. ஃபோல்டருக்கும் கோப்புக்கும் மட்டும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் போதும். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். ஆல்பம் அச்சிடும் லேப்பில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்து ஒரு ஷீட் மாறிப் போன கதையெல்லாம் நமக்கு வேண்டாம்.

செலக்ஷன் போடுவதற்கு லைட்ரூமோடு மல்லுக்கட்டாதே. வழக்கமான முறையில் மூவாயிரம் ரா படத்துக்கும் அது முன்னோட்டம் தயாரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். செய்தி, விளையாட்டுப் படக்காரர்கள் ஃபோட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கேமராவே ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் ஒரு ஜேபெக்கை வைத்துத்தான் எழுதுகிறது. ஃபோட்டோ மெக்கானிக் அந்த ஜேபெக்கை அப்படியே எடுத்துக் காட்டிவிடும். சமைப்பதே இல்லை, அதனால் காத்திருப்பும் இல்லை. ஒரே மாதிரியான தகவலை எல்லாப் படத்துக்கும் ஒரே தட்டலில் எழுதலாம். நீ போட்ட ஸ்டாரையும் பெயர்களையும் எக்ஸ்எம்பியில் எழுதிவிட்டால் லைட்ரூம் அப்படியே எடுத்துக்கொள்ளும். விலை அதிகம்தான். வாங்க முடியாவிட்டால் அடோபி பிரிட்ஜ் இருக்கிறது, அதற்குக் காசில்லை. டிஜிகேம் இருக்கிறது; இலவசம், திறந்த மூலம், முகங்களை உன் கணினிக்குள்ளேயே அடையாளம் கண்டு பிரித்தும் கொடுக்கும். அந்தத் தாத்தாவைத் தேட அதுவே போதும்.

இப்போது நீ கேட்ட திருத்தும் விஷயம். பனிமலையை வைத்துச் சோதிக்காதே. உன்னிடம் இருப்பதிலேயே கஷ்டமான படங்களை எடு: எல்இடி விளக்கின் கீழ் அரக்குப் பட்டு, ஓமப் புகை, முகத்தில் நலங்கு மஞ்சள், தீவட்டி வெளிச்சத்தில் சுவாமி புறப்பாடு. அரக்குச் சிவப்பில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புச் சானல்தான். அது வழிந்தால் புடவை ஒரே தட்டையான சிவப்பாகிவிடும், மடிப்பும் ஜரிகையும் போய்விடும். லைட்ரூம் வழக்கமாக அடோபி கலர் என்ற புரொஃபைலில் திறக்கும். நியூட்ரலுக்கு மாற்றிப் பார், போனதில் ஓரளவு திரும்பி வரலாம். கேப்சர் ஒன்னில் தோல் நிறத்துக்கென்றே தனிக் கருவி இருக்கிறது. முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும் மஞ்சளைப் பதமாகச் சமன்படுத்த அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. கேமராவைக் கேபிளில் கணினியோடு இணைத்து எடுக்கும் ஸ்டூடியோ வேலைக்கும் அதுதான். தீவட்டிப் படத்தின் குருணையை நீக்க டிஎக்ஸ்ஓ மென்பொருள் கெட்டிக்காரன். 2023இல் லைட்ரூமும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. டார்க்டேபிள் படத்தைச் சப்பென்று திறந்து உன் முன்னால் வைக்கும், பிறகு எல்லாமே உன் பொறுப்பு. அதில் ஒரு மாதம் திணறியவனுக்கு டோன் கர்வ் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரீசெட் வாங்கிக் குவிக்காதே. இன்ஸ்டாகிராமில் ஓடும் பழுப்புப் பிரீசெட்டுகள் பச்சையை வாட்டி, மஞ்சளை ஆரஞ்சுக்குத் தள்ளுகின்றன. வாசலில் கட்டிய வாழை மரம் பட்டுப்போன மாதிரி ஆகும். மாவிலைத் தோரணம் போன வருடத்துத் தோரணம் மாதிரி தெரியும்.

'பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க' என்று வீட்டார் கேட்பார்கள். இப்போது மென்பொருளே ஆளைத் தனியாகப் பிரித்து மாஸ்க் போட்டுக் கொடுப்பதால் அது ஒரு நிமிட வேலை. செய்யாதே. வெளிச்சம் குறைந்த முகத்துக்கு வெளிச்சம் கொடு, நிறத்தை மாற்றாதே. மாநிறப் பெண்ணை மைதா நிறமாக்கிப் பக்கத்தில் நிற்கும் அவள் அம்மாவை அப்படியே விட்டால் ஆல்பத்தில் அவர்கள் அம்மாவும் பெண்ணுமாகத் தெரிய மாட்டார்கள். ஸ்லைடரில் எண் எத்தனை என்பதைவிட இதில் நீ எங்கே நிற்கிறாய் என்பதை வைத்துத்தான் உன் பெயரைச் சொல்வார்கள்.

காசு விஷயம். லைட்ரூமை ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்கும் வழி 2015இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்தது, இப்போது சந்தாதான். சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கின் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். லைப்ரரியில் தேடலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். வெளியே போகும் வழியை அவர்கள் அடைக்கவில்லை, அந்த அளவுக்கு நியாயம். 2017இல் ஒரே பெயரை இரண்டாகப் பிரித்தார்கள். 'கிளாசிக்' என்று இருப்பதைப் பார்த்து எடு. மற்றது படங்களை மேகத்துக்கு ஏற்றுவதற்காகப் பிறந்தது, 90 ஜிபி கல்யாணத்தை ஏற்ற நம் இணைய இணைப்பு விடிய விடிய ஓட வேண்டும். கிராக் பதிப்பைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் கையில் இருக்கும் என்று தெரியும். அடுத்தவர் உழைப்பு என்பது ஒரு பக்கம். உன் வாடிக்கையாளரின் குடும்பப் படம் முழுவதும் இருக்கும் கணினியில் யாரோ ஒருவன் பூட்டை உடைத்துத் தந்த மென்பொருளை ஓடவிடுகிறாய் என்பது இன்னொரு பக்கம். அதற்கு டார்க்டேபிளே மேல்.

என் முடிவைக் கேட்டால்: வருமானம் நிலையாகும்வரை டிஜிகேமும் டார்க்டேபிளும். அதன் பிறகு லைட்ரூம் கிளாசிக், எக்ஸ்எம்பியை இயக்கி வைத்து. காரணம் அதன் நிறத்தில் ஏதோ மகிமை இருக்கிறது என்பதல்ல. உன் உதவியாளனுக்கும் ஆல்பம் டிசைனருக்கும் அது ஏற்கெனவே தெரியும். ஸ்டூடியோ வைக்கும் நாளில் கேப்சர் ஒன்னைப் பற்றி யோசிக்கலாம். எதை எடுத்தாலும் படங்கள் மூன்று பிரதியாக, இரண்டு விதச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, உனக்கு அந்த ஒரு மாதம் கிடைக்கும். பழைய கல்யாணம் ஒன்றிலிருந்து நூறு படம் எடுத்து, ஸ்டாரும் தமிழ்க் குறிச்சொல்லும் படக்குறிப்பும் போட்டு, அந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்து வேறொரு மென்பொருளில் திற. எது வந்தது, எது வரவில்லை என்று எழுதி அனுப்பு. மற்றதைத் தையில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்