பத்து லட்சத்துக்கு பழைய லக்ஸரி செடான்: இஎம்ஐ கட்டிடலாம், டயர் மாத்த முடியுமா?



செகண்ட் ஹேண்ட் கார் ஆப்ல ஸ்க்ரோல் பண்ணும்போது ஒரு விஷயம் கண்ணுல படும். புது மிட்-சைஸ் எஸ்யுவி விலையில, எட்டு பத்து வருஷம் ஓடின பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் நிக்கும். "அதே காசுக்கு பென்ஸே வாங்கிடலாமே"ன்னு மனசு சொல்லும். தப்பான ஆசை இல்ல. நல்லா பராமரிச்ச பழைய லக்ஸரி செடான் உண்மையிலேயே அருமையான வண்டி. ஆனா யானையை வாங்குறது ஒரு செலவு, அதைக் கட்டித் தீனி போடுறது வேற செலவு.

இந்தப் பதிவுல மூணு விஷயம் பார்க்கலாம். மாசம் எவ்வளவு ஒதுக்கணும், எந்த வேலை எப்போ வரும், டயர் மாத்தும்போது எதைப் பார்த்து முடிவெடுக்கணும்.

கார் விலை குறையும், பார்ட்ஸ் விலை குறையாது

இது ஒண்ணு புரிஞ்சா பாதிக் கணக்கு முடிஞ்சது. புதுசுல 40 லட்சம் இருந்த கார் இன்னைக்கு 10 லட்சத்துக்குக் கிடைக்குதுன்னா, குறைஞ்சது காரோட மறுவிற்பனை விலை மட்டும்தான். அதோட பிரேக் டிஸ்க், கண்ட்ரோல் ஆர்ம், ஹெட்லைட், டயர் எல்லாம் இன்னும் 40 லட்ச ரூபாய் காரோட பார்ட்ஸ்தான்.

"பிஎம்டபிள்யூவை 2007-ல இருந்து நம்ம சென்னை பக்கத்துல, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலதானே அசெம்பிள் பண்றாங்க, அப்போ பார்ட்ஸ் மலிவா இருக்காதா?"ன்னு சிலர் கேப்பாங்க. அசெம்பிள் பண்றது வேற, ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே தயாரிக்கிறது வேற.

ஒரு மாதிரிக் கணக்கு

கையில 70,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தர் 10 லட்சத்துக்கு ஒரு டீசல் 3 சீரிஸ் வாங்குறார்னு வெச்சுக்கலாம். கைக்காசு 2 லட்சம், லோன் 8 லட்சம், 13 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 18,200 ரூபாய். "சம்பளத்துல கால் பங்குதானே, ஓகே"ன்னு தோணும்.

இப்போ தீனிச் செலவைச் சேர்ப்போம். இந்தத் தொகைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கிட்டவை. உங்க மெக்கானிக் சொல்ற தொகையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க.

- வருஷ சர்வீஸ் 35,000 ரூபாய்: மாசம் 2,917
- இன்ஷூரன்ஸ் வருஷம் 30,000: மாசம் 2,500
- பிரேக், சஸ்பென்ஷன் வேலை 4 வருஷத்துக்கு 60,000: மாசம் 1,250
- நாலு டயர் 4 வருஷத்துக்கு 52,000: மாசம் 1,083
- கியர்பாக்ஸ் ஆயில் வேலை 6 வருஷத்துக்கு 40,000: மாசம் 556
- பேட்டரி 5 வருஷத்துக்கு 25,000: மாசம் 417

மொத்தம் மாசம் சுமார் 8,700 ரூபாய். மாசம் 1,000 கி.மீ. ஓட்டி, லிட்டருக்கு 15 கி.மீ. கிடைச்சு, டீசல் 93 ரூபாய்னு வெச்சா எரிபொருள் 6,200. இஎம்ஐயும் சேர்த்தா 33,100 ரூபாய். அதாவது 70,000 சம்பளத்துல 47 சதவீதம் காருக்கே போகுது! வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், எஸ்ஐபி எல்லாம் மிச்சத்துல இருந்துதான் வரணும்.

அதே கார், அதே செலவு, ஆனா சம்பளம் ஒன்றரை லட்சம்னா இது 22 சதவீதம். அவருக்கு இது சமாளிக்கக்கூடிய ஆசை. காரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த சதவீதத்தை வெச்சு முடிவு பண்ணுங்க. இது போக, திடீர்னு வர்ற ரிப்பேருக்குன்னு ஒன்றரை லட்சமாவது தனியா இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்டை இதுக்குத் தொடக் கூடாது. அது உங்க வேலை போனா சாப்பிடறதுக்கு, கார் நின்னா தள்றதுக்கு இல்ல.

வயசான காருக்கு என்னென்ன வேலை வரும்?

கி.மீ. கம்மியா ஓடியிருந்தாலும் ரப்பருக்கும் ஆயிலுக்கும் வயசு ஏறிக்கிட்டேதான் இருக்கும். எட்டு வருஷத்துக்கு மேலான கார்ல இதையெல்லாம் கேட்டு வாங்கணும்:

கியர்பாக்ஸ் ஆயில். "இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்வாங்க. ஆனா பிஎம்டபிள்யூ உட்பட பல கார்கள்ல வர்ற 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள, அல்லது 8 வருஷத்துல மாத்தச் சொல்லுது. கியர்பாக்ஸ் போனா வர்ற செலவோட ஒப்பிட்டா, இந்த ஆயில் செலவு ஒண்ணுமே இல்ல.

பிரேக் ஆயில். இது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

சஸ்பென்ஷன் புஷ். டயரோட நேரடித் தொடர்புள்ளது இதுதான். புஷ் தளர்ந்துபோன வண்டிக்கு எத்தனை தடவை வீல் அலைன்மென்ட் பண்ணாலும் நிக்காது. புது டயரோட உள்பக்கம் சில ஆயிரம் கி.மீ.யிலேயே தேஞ்சிடும்.

பேட்டரி. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருக்கிற கார்களுக்கு அதுக்கேத்த ஏஜிஎம் வகை பேட்டரிதான் போடணும். பிஎம்டபிள்யூ மாதிரி கார்கள்ல புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வெச்சு கார் கம்ப்யூட்டர்ல பதியவும் வேணும்.

பழைய டயர் சொல்ற ஜாதகம்

டயரை மாத்துறதுக்கு முன்னாடி பழைய டயரை நல்லா பாருங்க. கார் வாங்கப் போகும்போதும் இதே வேலையைப் பண்ணலாம், காசு செலவில்லாத இன்ஸ்பெக்‌ஷன்!

- ரெண்டு ஓரமும் தேஞ்சிருந்தா: காத்து கம்மியா வெச்சு ஓட்டியிருக்காங்க.
- நடுவுல மட்டும் தேஞ்சிருந்தா: காத்து அதிகம்.
- உள்பக்கமோ வெளிப்பக்கமோ மட்டும் தேஞ்சிருந்தா: அலைன்மென்ட் சரியில்ல, இல்லன்னா புஷ் போயிருக்கு.
- அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா: ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ செக் பண்ணணும்.

காரணத்தைச் சரி பண்ணாம புது டயர் போட்டா, 52,000 ரூபாயை ரோட்டுல தேய்க்கிறீங்கன்னு அர்த்தம். முதல்ல சஸ்பென்ஷன், அடுத்து டயர், அப்புறம் அலைன்மென்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

சைடுவால்ல இருக்கிற எண்ணைப் படிக்கலாம்

2012 முதல் 2019 வரை உலகம் முழுக்க வந்த 3 சீரிஸ் தலைமுறையில பரவலா இருக்கிற ஒரு அளவு: 225/50 ஆர்17 94 டபிள்யூ.

- 225: டயரோட அகலம், மில்லிமீட்டர்ல.
- 50: சைடுவால் உயரம், அகலத்துல 50 சதவீதம். அதாவது 112.5 மி.மீ.
- ஆர்17: ரேடியல் டயர், 17 அங்குல ரிம்.
- 94: ஒரு டயர் தாங்கற எடை. 94-னா 670 கிலோ. 91-னா 615 கிலோதான்.
- டபிள்யூ: வேகத் தரம், மணிக்கு 270 கி.மீ. வி-ன்னா 240, எச்-ன்னா 210.

"நம்ம ஊர்ல யாரு 270-ல போறா, எச் போதும்"னு கடைக்காரர் சொல்லலாம். வேகத் தரம் சூட்டைத் தாங்குற திறனையும் காட்டுது. மே மாச வெயில்ல, நாலு பேர், டிக்கி நிறைய சாமானோட திருச்சி ஹைவேல போற வண்டிக்கு அது முக்கியம். எடை எண்ணும் வேகத் தரமும் கார் கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது. சரியான அளவும் காத்தழுத்தமும் டிரைவர் கதவுப் பக்கத்துல இருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும்.

"55 போடுங்க, குழியில அடி வாங்காது"ன்னும் சொல்வாங்க. 225/50 ஆர்17 டயரோட மொத்த விட்டம் 656.8 மி.மீ. 225/55 ஆர்17 போட்டா 679.3 மி.மீ. 3.4 சதவீதம் பெருசு. ஸ்பீடோமீட்டர் காட்டுற வேகத்துக்கும் உண்மையான வேகத்துக்கும் இடைவெளி மாறும், வீல் ஆர்ச்ல உரசவும் வாய்ப்பிருக்கு. ஸ்டிக்கர்ல இல்லாத அளவு வேண்டாம்.

ரன்ஃப்ளாட்டா, சாதா டயரா?

பழைய பிஎம்டபிள்யூ வாங்கினவங்களுக்கு வர்ற பெரிய கேள்வி இதுதான். ரன்ஃப்ளாட் டயர்ல சைடுவால் கெட்டியா இருக்கும். காத்து முழுசா போனாலும், பொதுவா 80 கி.மீ. வேகத்துக்குள்ள 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம். ராத்திரி ஹைவே ஓரத்துல ஜாக்கி போட்டு நிக்க வேண்டியதில்ல. அதுக்கு விலையா சொகுசு கொஞ்சம் குறையும், டயர் விலையும் அதிகம். காத்தில்லாம ஓட்டின டயரைப் பஞ்சர் ஒட்டித் திரும்பப் போடுறதும் பொதுவா பாதுகாப்பில்ல.

சாதா டயருக்கு மாறலாம், நிறைய பேர் மாறியிருக்காங்க. ஆனா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா ஸ்பேஸ் சேவர் ஸ்டெப்னியோ, பஞ்சர் கிட்டும் காத்தடிக்கிற பம்ப்பும் சேர்ந்ததோ வாங்கணும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மிச்சத்தைக் கணக்குப் போடணும். ஒரே கார்ல ரெண்டு வகையையும் கலந்து போடவே கூடாது.

விலையைப் பார்க்காதீங்க, கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு பாருங்க

மறுபடியும் மாதிரி எண்கள்தான்:

- விலை குறைஞ்ச டயர்: 8,500 வீதம் நாலுக்கு 34,000. 25,000 கி.மீ. ஓடினா, கி.மீ.க்கு 1 ரூபாய் 36 பைசா.
- நல்ல சாதா டயர்: 13,000 வீதம் 52,000. 45,000 கி.மீ. ஓடினா, கி.மீ.க்கு 1 ரூபாய் 16 பைசா.
- ரன்ஃப்ளாட்: 22,000 வீதம் 88,000. 35,000 கி.மீ. ஓடினா, கி.மீ.க்கு 2 ரூபாய் 51 பைசா.

பில்லுல மலிவா தெரிஞ்சது ரோட்டுல மலிவா இல்ல. ஆனா இதுல ஒரு திருப்பம் இருக்கு. வீக்கெண்ட்ல மட்டும் வண்டி எடுத்து வருஷத்துக்கு 6,000 கி.மீ. ஓட்டுறவருக்கு 45,000 கி.மீ. முடிக்க ஏழரை வருஷம் ஆகும். அதுக்குள்ள ரப்பர் காய்ஞ்சு வெடிப்பு விட ஆரம்பிக்கலாம். டயருக்கு 5 வருஷம் தாண்டினா வருஷா வருஷம் நிபுணர்கிட்ட காட்டணும். 6 வருஷத்துல மாத்தச் சொல்ற கார் கம்பெனிகளும் இருக்கு. அதனால கம்மியா ஓட்டுறவங்க "ரொம்ப நாள் உழைக்கும்" டயரைத் தேடாம, மழைல நல்ல பிடிப்பு தர்ற டயரைத் தேடுங்க.

கடைக்குப் போனதும் பார்க்க வேண்டியவை

1. தயாரிப்புத் தேதி. சைடுவால்ல நாலு இலக்க எண் இருக்கும். 1425-னா 2025-ம் வருஷம் 14-வது வாரம். ரெண்டு மூணு வருஷம் குடோன்ல தூங்கின டயருக்குப் புது விலை தராதீங்க.
2. ஐஎஸ்ஐ முத்திரை. இந்தியாவுல விக்கிற கார் டயருக்கு இது கட்டாயம்.
3. ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. பழைய கொட்டேஷனை நம்பாம புது விலை கேளுங்க.
4. ரெண்டு மட்டும் மாத்துறதா இருந்தா புதுசைப் பின்பக்கம் போடுங்க. மழைல வண்டியோட பின்பக்கம் வழுக்கினா கட்டுப்படுத்துறது ரொம்பக் கஷ்டம். நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் கார்னா நாலையும் சேர்த்து மாத்துறதுதான் நல்லது.
5. முன்னாடி பின்னாடி ஒரே அளவான்னு பாருங்க. சில மாடல்கள்ல பின் டயர் அகலமா இருக்கும். அதை முன்பின் மாத்திப் போட முடியாது.

சட்டப்படி ட்ரெட் 1.6 மி.மீ. இருந்தா போதும். ஆனா 3 மி.மீ.க்குக் கீழே போனாலே ஈர ரோட்டுல பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். அப்பவே ஆர்டர் கொடுங்க. 2020 ஜூன்ல புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்து, லைசென்ஸ் வேணும்னு சொல்லிடுச்சு. அதனால லக்ஸரி கார் அளவுகள் கேட்ட அன்னைக்கே கிடைக்கும்னு எதிர்பார்க்க முடியாது. மொட்டை டயரோட அவசரத்துல போனா, கடையில இருக்கிறதைத்தான் வாங்கிட்டு வரணும்.

"இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு நினைச்சா

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில டயர் மட்டும் சேதமானா கிளெய்ம் கிடையாது. விபத்துல காரும் சேர்ந்து சேதமாகியிருந்தாதான் கிடைக்கும், அதுவும் 50 சதவீதம் தேய்மானம் கழிச்சு. ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் வயசான கார்களுக்கு எளிதா கிடைக்காது. ரினியூவல் சமயத்துல டயர் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் உங்க கார் வயசுக்குத் தருவாங்களான்னு கேட்டு, பிரீமியத்தை டயர் விலையோட ஒப்பிட்டு முடிவெடுங்க.

எப்போ விக்கணும்?

ஒரு எளிய விதி வெச்சுக்கலாம். ஒரே ஒரு ரிப்பேர் எஸ்டிமேட், காரோட இன்னைய மதிப்புல நாலுல ஒரு பங்கைத் தாண்டினா, உடனே ஓகே சொல்லாதீங்க. இன்னொரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க, விக்கிற விலையையும் விசாரிங்க. "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே"ங்கிறது ஏற்கனவே போன காசு. இனிமே போகப் போற காசை மட்டும் பாருங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை

கார் வாங்கற ஐடியா இருந்தா, அடுத்த ஆறு மாசம் அந்த 33,100 ரூபாயை மாசா மாசம் ஒரு தனி ஆர்டில போட்டுப் பாருங்க. வாடகை, எஸ்ஐபி எதையும் நிறுத்தாம கட்ட முடிஞ்சா, கார் உங்க பட்ஜெட்டுக்குள்ள இருக்கு. அதுக்குள்ள கையில கிட்டத்தட்ட 2 லட்சம் சேர்ந்திருக்கும், ரிப்பேர் ஃபண்ட் ரெடி! மூணாவது மாசமே திணறினா, ஆர்டியை உடைச்சிட்டுப் போகலாம். காரை வாங்கிட்டுத் திணறினா அப்படி உடைக்க முடியாது.

ஏற்கனவே கார் வெச்சிருக்கீங்களா? இந்த ஞாயித்துக்கிழமை டார்ச் எடுத்துட்டுப் போய் நாலு டயரோட தேதியையும், உள்பக்கத் தேய்மானத்தையும் பார்த்து போன்ல குறிச்சு வைங்க. அடுத்த டயர் செலவு எப்போ வரும்னு அங்கேயே தெரிஞ்சிடும்.