முறத்தில் விழுந்த பதினாலாயிரம்

அமிர்தி,
ஞாயிறு மாலை

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். நம் மலை மூலிகை வைரஸைக் கொல்லும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம். "அப்புறம் எதுக்கு மாமா மாத்திரை?" என்று கேட்டிருக்கிறாய். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை, கண்ணு.

2020-ல் சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமல் குழுவினர் செய்த வேலையைச் சொல்கிறேன். நம் நாட்டு மூலிகைகளில் இருப்பதாகப் பதிவான 14,011 வேதிப்பொருள்களைத் திரட்டினார்கள். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய, அதன் ஸ்பைக் புரதத்தை வெட்டிக்கொடுக்கும் இரண்டு கத்தரிகள் நம் உடம்பிலேயே இருக்கின்றன: டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, கேதெப்சின் எல். அந்தக் கத்தரிகளின் வாயை அடைக்கும் பொருள் எது? அதைத்தான் தேடினார்கள்.

மருந்தாகும் தன்மை இல்லாதவை முதலில் கழிந்தன. மிச்சத்தை ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் கத்தரியின் வாயில் பொருத்தி, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று ஒரு எண் தந்தது. கடைசியில் தேறியவை: முதல் கத்தரிக்கு 96, இரண்டாவதற்கு 9.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. அன்றைக்கு டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2-வின் உருவத்தை யாரும் நேரில் படம்பிடித்திருக்கவில்லை! உறவுக்காரப் புரதங்களின் சாயலை வைத்து உத்தேசமாக வரைந்த உருவத்தில்தான் பொருத்திப் பார்த்தார்கள். அது தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் செய்தியை ஃபார்வர்டு செய்தவருக்கு அது தெரியாது.

இங்கே பக்கத்து வீட்டு ஆயா சாமை புடைக்கிறார். உமி பறந்ததும் முறத்தில் நிற்பதை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறோமா? கல் பொறுக்கணும், உலை வைக்கணும். கேமோஸ்டாட் என்ற ஜப்பானிய மருந்து, ஆய்வகத்துச் செல்களில் முதல் கத்தரியை நன்றாகவே தடுத்தது. டென்மார்க்கில் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. செல்லைத் தாண்டி வந்ததற்கே அந்தக் கதி. இந்த 96-ம் முறத்தில் நின்றவை மட்டுமே.

இன்னொன்று. நாம் கஷாயமாகக் குடிக்கும் நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள். கொதித்தால் எத்தனையோ பொருள்கள் இறங்கும். கம்ப்யூட்டர் பார்ப்பது கஷாயத்தை அல்ல, அதிலுள்ள ஒற்றை மூலக்கூற்றை. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவதே கொஞ்சம்தான். அதை அந்த எண் சொல்லாது.

அதற்காக முறத்தைத் தூக்கி எறியாதே. பதினாலாயிரத்தையும் சோதனைக் குழாயில் பார்க்க எந்த ஆய்வகத்துக்குக் கட்டும்?

வினா இலவசம்தான், உன் லேப்டாப்பிலேயே ஓடும். லீவில் வா, ஆண்ட்ரோகிராபோலைடை ஓட்டிப் பார்ப்போம். கூடவே சர்க்கரையையும், உங்கம்மா போடும் காபியில் இருக்கிற கஃபீனையும் ஓட்டு. அதுகளுக்கும் ஒரு எண் வரும். வித்தியாசம் எவ்வளவு என்று நீயே குறித்து வை.

உன் மாமா